சி. பி. ராமசுவாமி ஐயர்

சர் சேத்துப்பட்டு பட்டாபிராம ராமசுவாமி ஐயர் (நவம்பர் 12, 1879 – செப்டம்பர் 26, 1966) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற வழக்கறிஞரும் நிர்வாகியும் அரசியல்வாதியும் ஆவார். சி. பி. என்றும் சர் சி. பி. என்றும் பரவலாக அறியப்பட்டார். சென்னை மாகாணத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞராகவும் (1920–1923), ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராகவும் (1923–1928), திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவானாகவும் (1936–1947) பணியாற்றினார்.

இவர் பெயர் பெரும்பாலும் திருவிதாங்கூர் திவான் பதவியோடு இணைத்தே பேசப்படுகிறது. எனினும் தஞ்சாவூரையும் காவிரிப் படுகையையும் பொறுத்தவரை, 1924 ஆம் ஆண்டின் காவிரி ஒப்பந்தமும் அதன் பயனாக எழுந்த மேட்டூர் அணையுமே இவரது பொதுவாழ்வின் முக்கியமான பகுதியாகும். பிற்காலத்தில் முல்லைப் பெரியாறு நீர் தொடர்பான பிணக்கில் இவர் சென்னை அரசுக்கு எதிர்த்தரப்பில் நின்றார். ஆற்றுநீர் குறித்த இரண்டு பெரிய ஒப்பந்தங்களில், இரண்டு வெவ்வேறு தரப்புகளுக்காக உழைத்த வழக்கறிஞர் என்ற வகையில் இவரது வாழ்க்கை தனித்துக் கவனிக்கத்தக்கது.

பிறப்பும் கல்வியும்

ராமசுவாமி ஐயர் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் உள்ள வந்தவாசியில் பிறந்தார். தந்தை பட்டாபிராம ஐயர் நீதித்துறையில் பணியாற்றியவர். முன்னோர் ஊரான சேத்துப்பட்டு அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே ஆகும். பின்னாளில் காவிரிப் படுகையின் நீருரிமையோடு இவர் பெயர் இணைந்தபோதிலும், இவர் பிறந்தது காவிரி பாயும் ஊர் எதிலும் அன்று. ஏரிப் பாசனத்தை நம்பிய வறண்ட வட்டாரத்திலேயே ஆகும்.

சென்னையில் வெஸ்லி உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் சென்னைச் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1895 ஆம் ஆண்டில் சீதம்மாவை மணந்தார். மூன்று ஆண் மக்கள் பிறந்தனர். மனைவி 1930 இல் காலமானார்.

வழக்கறிஞர் தொழில்

1903 இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். அக்காலத்தில் அந்நீதிமன்றத்தில் தஞ்சை மாவட்டத்து வழக்கறிஞர்களின் செல்வாக்கு மிகுந்திருந்தது. திருவிடைமருதூரில் பிறந்த வி. கிருஷ்ணசுவாமி ஐயர் அவர்களுள் முதன்மையானவர். 1906 அக்டோபரில் அர்பத்நாட் நிறுவனம் நொடித்துப்போனபோது, பணத்தை இழந்தவர்களுக்காகப் போராடி, அடுத்த ஆண்டிலேயே இந்தியன் வங்கி தோன்றக் காரணமானவர் அவர். இளம் ராமசுவாமி ஐயர் தொழிலில் காலூன்ற அவருடைய ஆதரவு பெரிதும் உதவியது.

இவருக்கு நாடறிந்த பெயரைப் பெற்றுத் தந்த வழக்கு ஒன்று உண்டு. பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட் தம் பொறுப்பில் வளர்த்துவந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தா ஆகிய இரு சிறுவர்களையும் திரும்ப ஒப்படைக்கக் கோரி அவர்களின் தந்தை நாராயணையா 1912 இல் வழக்குத் தொடுத்தார். தந்தையின் தரப்பில் ராமசுவாமி ஐயர் தோன்றினார். பெசன்ட் அம்மையார் தாமே வாதிட்டார். 1913 இல் சென்னை உயர்நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஆனால் 1914 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்புகளை நீக்கிவிட்டது. சிறுவர்கள் அப்போது இங்கிலாந்தில் இருந்ததும், வழக்கில் அவர்களுடைய விருப்பம் கேட்கப்படாததும் அம்முடிவுக்குக் காரணங்கள். இவ்வாறு எதிர்த்து வாதிட்ட அம்மையாருடன் ராமசுவாமி ஐயர் இரண்டே ஆண்டுகளில் நெருங்கிய அரசியல் தோழமை கொண்டார். 1916 இல் அவர் தொடங்கிய தன்னாட்சி இயக்கத்தின் செயலாளர்களுள் ஒருவரானார். 1917–18 இல் இந்திய தேசிய காங்கிரசின் பொதுச்செயலாளராகவும் இருந்தார். 1920 இல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காமல் காங்கிரசிலிருந்து விலகினார்.

அதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞராக அமர்த்தப்பட்டார். அரசின் முதன்மைச் சட்ட ஆலோசகர் என்ற அப்பொறுப்பில் இவர் அமர்ந்தபோது, மாகாணத்தின் முன் இருந்த பிணக்குகளுள் பெரியது காவிரி நீர்ப் பிணக்கு ஆகும்.

காவிரிப் பிணக்கின் பின்னணி

காவிரி குடகில் தோன்றி மைசூர் வழியாகத் தமிழகத்துக்குள் நுழைகிறது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. அங்குள்ள மேலணை ஆர்தர் காட்டனால் 1830களில் கட்டப்பட்டது. அதற்குக் கிழக்கே கல்லணை. அதற்கப்பால் காவிரி, வெண்ணாறு என்றும், அவற்றின் கிளைகளான குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்றும் பிரிந்து தஞ்சைச் சமவெளியை நனைக்கிறது. ஏறத்தாழ பத்து இலட்சம் ஏக்கர் நெல் வயல்கள் இந்த ஆறுகளையே நம்பியிருந்தன.

இந்த வயல்களின் சிக்கல் நீரின் மொத்த அளவில் மட்டும் இல்லை. நீர் வரும் நாளில் இருந்தது. குறுவைக்கு ஆனி மாதத்தில் தண்ணீர் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை தாமதித்தால் நாற்றங்காலே காய்ந்துவிடும். ஆடியில் வெள்ளம் பெருகும்போது தேவைக்கு மேற்பட்ட நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்விடும். தேக்கி வைக்க ஓர் அணை தேவை என்பது பொறியாளர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. அணைக்கான இடமும் கரையும் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களில் இருந்தன. நீர் மட்டும் மைசூரிலிருந்து வரவேண்டியிருந்தது.

1892 பெப்ரவரி 18 அன்று சென்னை அரசுக்கும் மைசூர் அரசுக்கும் இடையே முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அட்டவணையில் கண்ட ஆறுகளின் குறுக்கே புதிய பாசனத் தேக்கம் எதையும் சென்னையின் முன் இசைவு இன்றி மைசூர் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். நெடுங்காலமாக நீரைப் பயன்படுத்திவந்த கீழ்ப்பகுதி உழவர்களின் அனுபவ உரிமை இதனால் எழுத்து வடிவம் பெற்றது. மைசூருக்கோ இது தன் மண்ணில் ஓடும் ஆற்றின்மீது பிறர் போட்ட பூட்டாகத் தோன்றியது. இரண்டு கருத்துகளும் இன்றளவும் அப்படியே இருக்கின்றன.

1910 அளவில் இருதரப்பும் ஒரே சமயத்தில் பெரிய அணைகளைத் திட்டமிட்டன. பொறியாளர் விசுவேசுவரய்யாவின் முயற்சியில் மைசூர் கண்ணம்பாடியில் 41.5 ஆயிரம் மில்லியன் கன அடி (டி.எம்.சி.) கொள்ளும் அணை கட்ட விரும்பியது. சென்னை அரசு எல்லிஸ் என்ற பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி மேட்டூரில் அதைப்போல இருமடங்கு அளவுள்ள அணையை எண்ணியிருந்தது. முதற்கட்டமாக மைசூருக்கு 11 டி.எம்.சி. அளவுக்கே அனுமதி கிடைத்தது. மைசூரோ அடித்தளத்தைப் பெரிய அணைக்குரிய அகலத்திலேயே போட்டது.

பிணக்கு முற்றியதால் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் நடுவராக நியமிக்கப்பட்டார். பாசனத் துறைத் தலைவர் நெதர்சோல் அவருக்குத் தொழில்நுட்பத் துணையாக இருந்தார். 1914 மே மாதத்தில் வந்த தீர்ப்பு பெருமளவில் மைசூருக்குச் சாதகமாக அமைந்தது. இந்திய அரசும் அதனை 1916 இல் உறுதி செய்தது. சென்னை விடவில்லை, இலண்டனில் இந்திய அமைச்சரிடம் முறையிட்டது. 1919 இல் அத்தீர்ப்பு செயலற்றதாக்கப்பட்டு, இருதரப்பும் மீண்டும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தன.

1924 ஒப்பந்தம்

ராமசுவாமி ஐயர் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஆண்டுகள் இப்பேச்சுவார்த்தை நடந்த ஆண்டுகளே ஆகும். 1921 இல் பொறியாளர்கள் கண்ணம்பாடியிலிருந்து நீர் விடுவதற்கான விதிகளில் உடன்பாடு கண்டனர். 1923 இல் இவர் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினரானார். பாசனம், மின்சாரம் முதலிய துறைகளும் இவர் பொறுப்பில் வந்தன. சட்ட ஆலோசனை கூறியவரே முடிவெடுக்கும் இடத்துக்கு வந்தது பிணக்கு விரைவில் முடியத் துணைசெய்தது என்று கொள்ளலாம்.

1924 பெப்ரவரி 18 அன்று, அதாவது முதல் ஒப்பந்தம் ஏற்பட்டுச் சரியாக 32 ஆண்டுகள் கழிந்த அதே நாளில், புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மைசூர் ஏறத்தாழ 45 டி.எம்.சி. பயனுறு கொள்ளளவுடன் கண்ணம்பாடி அணையை (கிருஷ்ணராச சாகர்) முழு அளவில் கட்டிக்கொள்ளலாம். சென்னை மேட்டூரில் 93.5 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணையைக் கட்டிக்கொள்ளலாம். கண்ணம்பாடியின் கீழ் 1,25,000 ஏக்கரிலும், பிற தேக்கங்களின் கீழ் மேலும் 1,10,000 ஏக்கரிலும் மைசூர் பாசனத்தை விரிவாக்கலாம். சென்னை 3,01,000 ஏக்கரில் புதிய பாசனம் ஏற்படுத்தலாம். பாசனப் பரப்பு விரிவு குறித்த வரம்புகளை ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் மறு ஆய்வு செய்யலாம். பிணக்கு எழுந்தால் இருதரப்பும் இசைந்தால் நடுவரிடமும், இல்லையேல் இந்திய அரசிடமும் போகவேண்டும்.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி அதன் இணைப்பில் உள்ள ஒழுங்கு விதிகளில் இருக்கிறது. மைசூர் எப்போது நீரைத் தேக்கலாம் என்பதை மைசூரில் அளந்து முடிவு செய்வதில்லை. பல நூறு கிலோமீட்டர் கீழே, மேலணையில் நடப்பட்டிருந்த நீர்மட்ட அளவுகோல் காட்டும் அடிக்கணக்கே அளவை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் எல்லை மட்டம் குறிக்கப்பட்டது. தஞ்சைக்குப் போகும் நீர் அந்த மட்டத்தை எட்டிய பிறகு எஞ்சுவதையே மேலே தேக்கலாம். உழவன் பெற்றுவந்த நீரை முதலில் எண்ணாக மாற்றி, அந்த எண்ணைச் சட்டமாக மாற்றிய இவ்வேற்பாடு பொறியாளரும் வழக்கறிஞரும் சேர்ந்து எழுதக்கூடியது.

பயிர்க் காப்பீடு என்பதே நடைமுறையில் இல்லாத காலம் அது. மைசூர் அரசைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பவர் மழை குறைந்தால் உழவர்க்கு இழப்பீடு தரும் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுத்து 1920 இல் நூலாகவே வெளியிட்டிருந்தார். இத்துறையில் உலகிலேயே முன்னோடியான சிந்தனைகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. ஆனால் செயலுக்கு வரவில்லை. ஆகவே தஞ்சை உழவனுக்கு இருந்த ஒரே காப்பு ஆற்றில் குறித்த மட்டத்துக்கு நீர் வரும் என்ற உறுதிமொழிதான். அந்த உறுதிமொழியிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஆற்றிலேயே நீர் குறைந்த ஆண்டில் இழப்பை எந்த விகிதத்தில் பகிர்ந்துகொள்வது என்பது ஒப்பந்தத்தில் தனி விதியாக எழுதப்படவில்லை. பிற்காலப் பிணக்குகள் பெரும்பாலும் அத்தகைய ஆண்டுகளிலேயே வெடித்தன.

மேட்டூர் அணை

ஒப்பந்தம் ஏற்பட்ட சில மாதங்களில், 1924 சூலையில், காவிரியில் பெருவெள்ளம் வந்து தஞ்சை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் பெரும் சேதம் விளைவித்தது. வறட்சிக்கு மட்டுமன்றி வெள்ளத்துக்கும் அணை தேவை என்பதை அது காட்டியது. 1925 சூலை 20 அன்று ஆளுநர் கோஷன் பிரபு மேட்டூரில் பணியைத் தொடங்கிவைத்தார். ஒன்பது ஆண்டுகள் வேலை நடந்து, 1934 ஆகத்து 21 அன்று ஆளுநர் ஸ்டான்லி அணையைத் திறந்தார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது. 5,300 அடி நீளமும் 214 அடி உயரமும் கொண்ட இவ்வணை அக்காலத்தில் உலகின் பெரிய அணைகளுள் ஒன்றாக இருந்தது. நீர்மட்டத்தின் உச்ச அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

அணை திறக்கப்பட்டபோது ராமசுவாமி ஐயர் சென்னை அரசில் இல்லை. அவர் பதவிக்காலம் 1928 இலேயே முடிந்திருந்தது.

மேட்டூரால் படுகைக்குக் கிடைத்தது இரண்டு வகையானது. பழைய ஆயக்கட்டில் குறுவைக்கு நாள் குறித்து நீர் விட முடிந்தது. சூன் 12 ஆம் நாள் அணை திறக்கும் வழக்கம் பின்னர் நிலைபெற்று, நாற்று விடும் நாளும் கடன் வாங்கும் நாளும் அதை ஒட்டியே அமைந்தன. இரண்டாவது, கல்லணையிலிருந்து புதிதாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய். காவிரி பாயாத மேட்டு நிலங்களான ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளுக்கு இக்கால்வாய் முதன்முதலாக ஆற்று நீரைக் கொண்டுசென்றது. இன்றும் அப்பகுதியினர் அதனைப் புதாறு என்றே அழைக்கின்றனர்.

இப்பயன் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அன்றைய தஞ்சையில் நிலம் பெரும்பாலும் மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. நாற்று நட்டவர்களும் வாய்க்கால் வெட்டியவர்களும் பண்ணையாட்களாகவே இருந்தனர். 1924 ஒப்பந்தம் அரசுகளுக்கு இடையிலான உரிமையைப் பேசியதே அன்றி, வாய்க்கால் தலைப்புக்குக் கீழே நடந்ததைப் பேசவில்லை. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பைக்காரா மின்திட்டம்

நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டமும் ராமசுவாமி ஐயரின் பொறுப்புக் காலத்தில் வடிவம் பெற்றதே. 1932 இல் உற்பத்தி தொடங்கியது. கோயம்புத்தூர் நூற்பாலைகள் பெருகியதற்கு இம்மின்சாரம் முக்கியக் காரணமாகும். நீரைப் பாசனத்தோடு மின்னுற்பத்தியாகவும் காணும் பார்வை அப்போதே இவருக்கு இருந்தது. இது பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள உதவும்.

பெரியாற்றுப் பிணக்கு

1926, 1927 ஆம் ஆண்டுகளில் ஜெனீவாவில் நாடுகளின் கழகக் கூட்டங்களில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். 1930களின் தொடக்கத்தில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் சிறிது காலம் இருந்தார். 1931 இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளுக்குச் சட்ட ஆலோசகரானார். 1936 அக்டோபரில் திவான் பதவியை ஏற்றார்.

அப்போது சென்னைக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே ஒரு பிணக்கு இருந்தது. 1886 அக்டோபர் 29 அன்று ஏற்பட்ட குத்தகை ஒப்பந்தப்படி, பெரியாற்று நீரை அணை கட்டி மதுரைப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சென்னை அரசுக்கு 999 ஆண்டுகள் உரிமை தரப்பட்டிருந்தது. நீரில் மூழ்கும் 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டு வாடகை 40,000 ரூபாய். பென்னிகுயிக் கட்டிய அணை 1895 இல் திறக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் அந்த நீரைக் கொண்டு மின்சாரமும் உற்பத்தி செய்யலாம் என்று பின்னர் சென்னை கருதியது. குத்தகை பாசனத்துக்காகத் தரப்பட்டது, மின்னுற்பத்தி அதில் அடங்காது என்பது திருவிதாங்கூரின் நிலை.

கேள்வி எளியது: ஒப்பந்தத்தின் சொற்கள் எதுவரை போகும்? இருதரப்பு நடுவர்களும் மாறுபட்டதால் வழக்கு பொதுநடுவரிடம் சென்றது. திருவிதாங்கூரின் வாதத்தை வழிநடத்தியவர் திவான் ராமசுவாமி ஐயர். 1941 மே மாதத்தில் வந்த தீர்ப்பு திருவிதாங்கூரின் பக்கம் அமைந்தது. நீரைப் பாசனம் தவிர்ந்த மின்னுற்பத்திக்குப் பயன்படுத்தும் உரிமை சென்னைக்கு இல்லை என்று முடிவானது.

காவிரியில் இவர் பணியாற்றியது நீரைப் பெறும் தரப்புக்கு. பெரியாற்றில் நீரைத் தரும் தரப்புக்கு. முன்னதில் பழைய அனுபவத்தின் வலிமை உதவியது. பின்னதில் எழுத்தில் இல்லாதது தரப்படவில்லை என்ற கண்டிப்பு உதவியது. தமிழ்நாட்டில் இதை முரண்பாடு என்று குறைகூறுவோர் உண்டு. தொழில்முறை வழக்கறிஞர் ஒருவர் தம் கட்சிக்காரருக்குச் செய்யவேண்டியதையே செய்தார் என்பது மறுபக்கம். எப்படியாயினும், பெரியாற்று நீரில் தமிழ்நாடு மின்சாரம் எடுப்பதற்கான முறையான உரிமை 1970 ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தத்தாலேயே உறுதியானது. அப்போது ஏக்கர் வாடகையும் ஐந்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாயாக உயர்ந்தது.

திருவிதாங்கூர் ஆட்சி

ராமசுவாமி ஐயர் திவானான அடுத்த மாதமே, 1936 நவம்பர் 12 அன்று, புகழ்பெற்ற ஆலயப் பிரவேச அறிவிப்பு வெளியானது. திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1937 இல் தோன்றியது. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940 இல் இயங்கத் தொடங்கியது. ஆலுவாய்க்கு அருகே உரத் தொழிற்சாலை எழுந்தது. 1944 இல் மரண தண்டனை ஒழிக்கப்பட்டது.

இவற்றோடு கடுமையான அடக்குமுறையும் நடந்தது. பொறுப்பாட்சி கோரிய திருவிதாங்கூர் மாநில காங்கிரசின் தலைவர்கள் 1938 முதல் சிறையிடப்பட்டனர். அதே ஆண்டில் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டு, அதன் தலைவர்கள் தண்டிக்கப்பட்டதில் திவானின் பழிவாங்கும் எண்ணம் இருந்ததாக அன்று பலர் குற்றஞ்சாட்டினர். 1946 அக்டோபரில் புன்னப்புரை, வயலார் ஆகிய இடங்களில் தொழிலாளர் எழுச்சி படைவலிமையால் நசுக்கப்பட்டது. இறந்தோர் எண்ணிக்கை குறித்துப் பலவகைக் கணக்குகள் உள்ளன. 1947 இல் திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று அறிவித்ததே இவரது அரசியல் வாழ்வின் பெரும் பிழையாகக் கருதப்படுகிறது. 1947 சூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றின்போது கே. சி. எஸ். மணி என்பவர் இவரை வெட்டினார். காயத்துடன் உயிர் தப்பினார். சில நாட்களில் மன்னர் இந்திய ஒன்றியத்தில் இணைய இசைந்தார். ஆகத்து மாதத்தில் ராமசுவாமி ஐயர் பதவி விலகினார்.

பிற்காலம்

1950களில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், 1954 முதல் 1956 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். மேட்டூர் நீர் சென்றடையும் படுகையின் வடகோடியில் உள்ளது சிதம்பரம். 1960 இல் அமைக்கப்பட்ட இந்து சமய அறநிலையங்கள் ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். தேசிய ஒருமைப்பாடு குறித்து இவர் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகள் 1963 ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வழிவகுத்தன. ஒரு காலத்தில் தனிநாடு கோரியவரே பிரிவினைக்கு எதிரான சட்டத்துக்கு அடிகோலியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இவருடைய மகன் சி. ஆர். பட்டாபிராமன் 1957, 1962 ஆம் ஆண்டுகளின் தேர்தல்களில் கும்பகோணம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒன்றிய அரசில் துணை அமைச்சராகவும் இருந்தார்.

ராமசுவாமி ஐயர் 1966 செப்டம்பர் 26 அன்று இலண்டனில் நேஷனல் லிபரல் கிளப்பில் செய்தியாளர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது உயிர்நீத்தார். அகவை 86.

ஒப்பந்தங்களின் பின்வரலாறு

இவர் மறைந்து எட்டு ஆண்டுகளில், 1974 இல், காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றன. ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்றது கருநாடகம். பாசன விரிவு குறித்த வரம்புகளுக்கு மட்டுமே மறு ஆய்வு உண்டு, ஏனைய உரிமைகள் நிலையானவை என்றது தமிழ்நாடு. அதற்குள் கபினி, ஏமாவதி, ஏரங்கி ஆறுகளில் கருநாடகம் புதிய அணைகளைக் கட்டத் தொடங்கியிருந்தது.

1983 இல் படுகை உழவர்களின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அவ்வழக்கில் நீதிமன்றம் இட்ட ஆணையின் பேரில் 1990 சூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. அதன் இடைக்காலத் தீர்ப்பு 1991 சூனில் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு விடுமாறு கூறியது. 2007 பெப்ரவரி 5 அன்று வந்த இறுதித் தீர்ப்பு மொத்த நீரில் தமிழ்நாட்டுக்கு 419, கருநாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று பங்கிட்டது. பிரித்தானியரின் வலிமையால் திணிக்கப்பட்டவை என்பதால் 1892, 1924 ஒப்பந்தங்கள் செல்லாதவை என்ற கருநாடகத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2018 பெப்ரவரி 16 அன்று ஏற்கவில்லை. ஆனால் 1924 ஒப்பந்தம் 1974 இல் காலம் முடிந்தது என்றும் அது கூறியது. எல்லையில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய அளவு 192 இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைக்கப்பட்டது. மேலணை அளவுகோலின் இடத்தைப் பிலிகுண்டுலு பிடித்துக்கொண்டது எனலாம்.

பெரியாற்றுக் குத்தகையோ இன்னும் உயிருடன் இருக்கிறது. 1947 ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டத்தால் அது காலாவதியாகிவிட்டது என்ற கேரளத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தள்ளிவிட்டது.

சென்னை ஆழ்வார்ப்பேட்டை எல்டாம்சு சாலையில் ராமசுவாமி ஐயர் வாழ்ந்த தி குரோவ் என்னும் இல்லத்தில் அவர் பெயரிலான அறக்கட்டளை இயங்குகிறது. 1989 முதல் இயங்கிவரும் சி. பி. ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையமும் அந்த அறக்கட்டளையைச் சார்ந்ததாகும்.